கடைமடைக் குரல்

இலக்கியக் கூட்டங்களின் பதிவுகளை இணையத்தில் தேடிக் கேட்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த இடைவெளி நன்கு அறிமுகமாகியிருக்கும். எழுத்தாளர் பேசி முடிக்கிறார். கைதட்டல் ஓய்கிறது. நண்பர்கள் கேள்வி கேட்கலாம் என்கிறார் ஒருங்கிணைப்பாளர். அதன்பின் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ எதுவும் இல்லை. மின்விசிறியின் இரைச்சல், நாற்காலி இழுபடும் ஓசை, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு முணுமுணுப்பு. பிறகு எழுத்தாளர் தெளிவான குரலில், "முக்கியமான கேள்வி. ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது" என்று தொடங்குகிறார். கேட்டவர் யார், என்ன கேட்டார், அதில் என்ன சிக்கல் என்பது நமக்குத் தெரியப்போவதே இல்லை. அடுத்த பத்து நிமிடங்களுக்கு நம் நிலை, தொலைபேசியில் யாருடனோ வாதிட்டுக்கொண்டிருப்பவரின் அருகே அமர்ந்திருப்பவரின் நிலைதான்.

இதைக் கருவிகளின் பற்றாக்குறை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது சரியல்ல என்பது என் எண்ணம். இன்று நடுத்தரமான எந்தக் கூட்ட அறையிலும் நான்கு மைக்குகளாவது இருக்கின்றன. அவை வந்து சேர ஒரு மிக்ஸர் இருக்கிறது. இல்லாதது, எந்த மைக் எங்கே போக வேண்டும், எது எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்ற ஒழுங்கு. மிக்ஸரில் ஒவ்வொரு மைக்குக்கும் உரிய பாதையைச் சேனல் என்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளே வாய்க்கால்தான். நமக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. வாய்க்கால்கள் வெட்டியிருக்கின்றன, மதகுகளும் இருக்கின்றன, நீர்க்கட்டி மட்டும் இல்லை. விளைவு, நாம் நன்கறிந்த விளைவுதான். கடைமடைக்குத் தண்ணீர் போவதில்லை.

நமது கூட்டங்களின் மைக் செட் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்தக் குறையின் வேர் புரியும். 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் கூடியிருந்த பெருங்கூட்டத்துக்கு முன்னால் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் தங்கள் ஒலிபெருக்கியை இயக்கிக் காட்டினார்கள். 1919இல் சான் டியேகோவில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் அவர்களுடைய கருவியின் வழியாகத் திறந்தவெளியில் பெருந்திரளிடம் பேசினார். ஒரு வாய், பல்லாயிரம் காதுகள். ஒலிபெருக்கி பிறந்ததே இந்த வடிவத்துக்காகத்தான். தமிழகம் இந்த வடிவத்தைத் தனதாக்கிக்கொண்டு அதில் ஒரு பேருருவையே கட்டியது. மேடைத்தமிழ் என்ற ஒன்றைப் பற்றி பெர்னார்ட் பேட் 2009இல் ஒரு முழு நூலே எழுதும் அளவுக்கு. திருமணம், கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் வாடகைக்கு வரும் அதே மைக் செட்தான் இலக்கியக் கூட்டத்துக்கும் வருகிறது. அது ஒரு வாய்க்காகச் செய்யப்பட்டது. அதை வைத்துக்கொண்டு நாம் நடத்த முயல்வதோ உரையாடல்.

சொற்பொழிவுக்கும் கலந்துரையாடலுக்கும் ஒலியமைப்பில் உள்ள வேறுபாடு அளவு சார்ந்ததல்ல, வகை சார்ந்தது. ஒரு மைக் இருக்கும் இடத்தில் நான்கு மைக் வைத்தால் நான்கு பேர் பேசலாம் என்று எண்ணுவது இயல்பு. பௌதிகம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம், ஊளையிடுவதற்கு முன் நமக்குக் கிடைக்கும் ஒலியின் அளவு ஏறக்குறைய 3 டெசிபல் குறைகிறது. இரண்டு மைக் என்றால் 3, நான்கு என்றால் 6, எட்டு என்றால் 9. இது ஏட்டுக் கணக்காகத் தோன்றினால் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம். வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் இருந்தது இரண்டு சாணாகும்போது மைக்கில் விழும் ஒலி குறைவதும் அதே 6 டெசிபல்தான். அதாவது, மேசையில் நான்கு மைக்குகளையும் திறந்து வைத்துவிட்டு ஒருவர் மட்டும் பேசினால், மற்ற மூன்று மைக்குகளும் சும்மா இருந்தபடியே அவரை இரண்டு மடங்கு தொலைவுக்குத் தள்ளிவிடுகின்றன. அவை சும்மாவும் இருப்பதில்லை. மின்விசிறியைக் கேட்கின்றன, அடுத்தவர் தாள் புரட்டுவதைக் கேட்கின்றன, பேசுபவரின் குரலையே சற்றுத் தாமதமாகக் கேட்டுக் கலந்து, அதை ஒரு தகர டப்பாவுக்குள் போட்டதுபோல் ஆக்குகின்றன.

இந்நிலையில் நமது கூட்டங்களில் நடப்பது என்ன? "கேட்கவில்லை" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். மைக் செட்காரர், பெரும்பாலும் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர், ஓடி வந்து மொத்த ஒலியளவைக் கூட்டுவார். உடனே மைக் வீலென்று கத்தும். குறைப்பார். மீண்டும் "கேட்கவில்லை". கூட்ட வேண்டியது ஒரே ஒரு தடத்தை, மூட வேண்டியவை மற்ற மூன்றை என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. அவர் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கவும் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அழைப்பிதழில் வரவேற்புரை, நன்றியுரை சொல்பவர்கள் வரை எல்லோர் பெயரும் இருக்கும். மொத்தக் கூட்டமும் யார் விரல்நுனியில் நடக்கிறதோ அவர் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை. அவருக்கு நிகழ்ச்சி நிரலின் ஒரு படியைக்கூட நாம் கொடுப்பதில்லை.

மெல்லிய குரல்காரர்களின் கதி இதைவிட மோசம். ஒவ்வொரு தடத்திலும் இரண்டு இடங்களில் ஒலி கட்டுப்படுத்தப்படுகிறது. உச்சியில் கெயின் என்ற திருகு. மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்னலையை மிக்ஸர் கையாளக்கூடிய அளவுக்கு உயர்த்துவது அது. அடியில் ஃபேடர் என்ற தள்ளுவிசை. அவ்வாறு உயர்த்தப்பட்டதில் எவ்வளவைக் கலவைக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது அது. முதலாவதை ஒவ்வொருவர் குரலுக்கும் ஏற்ப அமைத்துக்கொண்டால்தான் இரண்டாவதால் பயன் உண்டு. நம் வழக்கத்தில் கெயின் எப்போது அமைக்கப்படுகிறது? கூட்டம் தொடங்கும் முன், மைக் செட்காரர் தம் பழகிய உரத்த குரலில் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லும்போது. அவர் குரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத்தான் பிறகு மாலை முழுவதும் எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள். மைக்கை விழுங்குவதுபோல் நின்று பேசும் பட்டிமன்றப் பேச்சாளருக்கு அது பொருந்திவிடுகிறது. முதல் தொகுப்பு வெளியிடும் கவிஞர், உயரமான ஒருவருக்காக வைக்கப்பட்ட மைக்கின் கீழே நின்று, தாளைப் பார்த்தபடி தன் கவிதையை வாசிக்கும்போது எதுவும் கேட்பதில்லை. "சத்தமாகப் படிங்க" என்று ஒரு குரல். அவர் சத்தமாகப் படிக்கிறார். சத்தமாகப் படிக்கக் கூடாத கவிதையாக அது இருந்திருக்கலாம் அல்லவா? தாழ்ந்த குரலுக்கு இடமளிப்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட கருவியின் முன் ஒருவரைக் கத்தச் சொல்வது விசித்திரமானது.

பதிவுக்கு வருகிறேன். இங்கேதான் நிலைத்த இழப்பு நேர்கிறது. அறையில் கேட்பதும் பதிவில் விழுவதும் ஒன்றே என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். சிறிய அறையில் ஒலிபெருக்கி முழு ஒலியையும் தருவதில்லை. வாயிலிருந்து நேராக வரும் ஒலியில் எது குறைகிறதோ அதை மட்டும் நிரப்புகிறது. கணீரென்ற குரல்காரர் பேசும்போது அவருடைய ஃபேடரைப் பாதிக்குமேல் இறக்கி வைத்தாலும் அறைக்குக் குறையொன்றும் தெரியாது. ஆனால் ஸ்பீக்கருக்குச் செல்லும் அதே கலவையிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் கேமராவில் செருகியிருந்தால், பதிவில் அந்தக் கணீர்க் குரல் நோயாளியின் குரலாக விழும். மைக்கே இல்லாமல் கேட்கப்பட்ட கேள்வி விழவே விழாது. முப்பது பேர் அமர்ந்திருக்கும் அறையில் கேள்வி கேட்பவருக்கு மைக் எதற்கு என்ற வாதம் அந்த அறையைப் பொறுத்தவரை சரியானதுதான். முப்பது பேருக்கு மைக் தேவையில்லை. முப்பத்தோராவதாகப் பத்தாண்டுகள் கழித்துக் கேட்கப்போகிறவருக்குத் தேவை.

இதற்கு வழி மிக்ஸரிலேயே இருக்கிறது. பெரும்பாலான மிக்ஸர்களில் ஒவ்வொரு தடத்திலிருந்தும் ஒரு கிளை தனியே பிரிந்து போகும். அதை ஆக்ஸ் என்பார்கள். அந்தக் கிளையை ஃபேடருக்கு முன்பிருந்தே எடுக்கும் வசதி இருக்கும். அப்படி எடுத்துவிட்டால் ஃபேடரை எங்கே வைத்தாலும் கிளைக்குப் போகும் அளவு மாறாது. ஸ்பீக்கருக்கு ஒரு கலவை, பதிவுக்கு இன்னொரு கலவை. கேள்விக்கான மைக்கை அறைக்குள் சற்றே ஒலிக்க வைத்துக்கொண்டு, பதிவுக்கு முழுமையாக அனுப்பலாம். இன்னும் வசதியிருந்தால் எதையும் கலக்காமல் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனித் தடமாகப் பதிந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சேர்க்கலாம். இதைச் செய்யக்கூடிய பலதடப் பதிவுக் கருவிகள் இன்று ஒரு நல்ல கைபேசியின் விலைக்குள் கிடைக்கின்றன.

தடங்களை இவ்வாறு பிரித்து ஆள்வதில் எவ்வளவு பெரிய காரியம் அடங்கியிருக்கக்கூடும் என்பதற்கு நியூரம்பர்க் ஒரு சாட்சி. 1945 நவம்பர் 20 அன்று தொடங்கிய அந்த விசாரணையில் நான்கு மொழிகள். ஒருவர் பேசி முடித்தபின் ஒவ்வொரு மொழியிலும் அதைத் திருப்பிச் சொல்வதென்றால் விசாரணை பல மடங்கு நீண்டிருக்கும். ஐபிஎம் நிறுவனத்தின் கருவிகளைக் கொண்டு ஐந்து தடங்கள் அமைக்கப்பட்டன. முதல் தடத்தில் பேசுபவரின் மூலக்குரல் அப்படியே. இரண்டாவதில் ஆங்கிலம், அடுத்து ரஷ்யம், பிரெஞ்சு, ஜெர்மன். நீதிபதி, வழக்கறிஞர், குற்றம்சாட்டப்பட்டவர் என்று எல்லோர் காதிலும் ஒரே வகைக் காதணி ஒலிபெருக்கி. தனக்கு வேண்டிய தடத்தை அவரவர் திருப்பிக்கொள்ளலாம். பேசுபவர் வேகமெடுத்தால் மஞ்சள் விளக்கு எரியும். மொழிபெயர்ப்பாளர் தொடர முடியாமல் தடுமாறினால் சிவப்பு விளக்கு. அது எரிந்தால் யாராயிருந்தாலும் நிறுத்தியாக வேண்டும்.

இதில் என்னை ஈர்ப்பது அந்த முதல் தடம். மொழிபெயர்ப்பு எவ்வளவு அவசரத்தில் நடந்தாலும் மூலக்குரல் தீண்டப்படாமல் தனியே ஓடிக்கொண்டிருந்தது. அது ஒலித்தட்டுகளில் பதிவாயிற்று. எழுத்து வடிவத்தைப் பிற்பாடு அந்தப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். சொன்னது என்ன, சொன்னதாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்ன என்ற இரண்டும் வெவ்வேறு வாய்க்கால்களில் ஓடியதால்தான் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்க முடிந்தது. நம்மிடம் சிறுபத்திரிகைக் காலத்து விவாதங்கள் பெரும்பாலும் எப்படி எஞ்சியிருக்கின்றன? நினைவுக்குறிப்புகளாக. அவர் இப்படிக் கேட்டார், இவர் இப்படி மடக்கினார் என்று, பெரும்பாலும் மடக்கியவரின் நண்பர் எழுதியவையாக. அன்று கருவி இல்லை. கருவி வந்த பிறகும் பதிலை மட்டும் பதிந்துவைத்துக் கேள்வியை நினைவின் பொறுப்பில் விடுகிறோம்.

கேள்வியை ஒருங்கிணைப்பாளர் மேடை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் திருப்பிச் சொல்லப்படும் கேள்வி, கேட்கப்பட்ட கேள்வி அல்ல. "உங்கள் பெண் பாத்திரங்கள் எல்லாம் ஏன் மூன்றாவது அத்தியாயத்தில் அழுகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டால், மேடையில் அது "உங்கள் படைப்புகளில் பெண்கள் பற்றிக் கேட்கிறார்" என்று ஆகிவிடும். முள் மழுங்கிவிடுகிறது. பதிலும் அதற்கேற்ற வழவழப்போடு வரும்.

மைக்கைக் கூட்டத்துக்குள் கைமாற்றிவிடுவதிலும் தொல்லைகள் உண்டு. வாங்கியவர் அதை வயிற்றருகே பிடித்துக்கொண்டு பேசுவார். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நடந்துபோவார், ஊளை கிளம்பும். கேள்வி என்று தொடங்கித் தன் வாழ்க்கை வரலாற்றில் இறங்குபவரிடமிருந்து அதைத் திரும்பப் பெறுவது, தமிழ் இலக்கியக் கூட்டங்களில் இன்னமும் தீர்வு காணப்படாத சிக்கல். நடைபாதையில் ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டால் இவை தீரும். ஆனால் எழுந்து நடந்து எல்லோர் கண்முன்னும் வந்து நிற்கத் தயங்குபவர்கள் கேட்காமலே போய்விடுவார்கள். அவர்களிடம்தான் பெரும்பாலும் நல்ல கேள்விகள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்தவரையில் நல்ல ஏற்பாடு, மைக்கைத் தன் கையை விட்டு நீங்கவிடாத ஒரு தன்னார்வலர். அவரே கேட்பவரின் வாயருகே, அரைச் சாண் தொலைவில், பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் நகரும்போது அந்தத் தடம் மூடியிருக்க வேண்டும், நின்றதும் திறக்க வேண்டும். மிக்ஸரின் முன் விழித்திருக்கும் ஒருவர் இருந்தால் இது ஒரு விரலசைவு.

மனிதரை வைக்க முடியாவிட்டால் கருவியை வைக்கலாம். 1970களில் சான் பிரான்சிஸ்கோ நாடக அரங்குகளில் ஒலிப்பணி செய்த டான் டூகன் உருவாக்கிய முறை இன்று பல மிக்ஸர்களில் மென்பொருளாகவே வருகிறது. எல்லா மைக்குகளும் சேர்ந்து ஒரே ஒரு மைக்கின் அளவு உரிமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. யாரும் பேசாதபோது பங்கு சமம். ஒருவர் பேசினால் பங்கு அவரிடம் சென்று மற்றவை தாமே அடங்கும். எத்தனை மைக் இருந்தாலும் மொத்தம் ஒன்றைத் தாண்டாது என்பதால் ஊளை எழுவதில்லை. அழகான ஏற்பாடு. இருந்தாலும் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் உரத்தவருக்கே பெரும்பங்கு போகும். மெல்லிய குரல்காரருக்கு முன்கூட்டியே கெயினை உயர்த்திவைக்கும் வேலையை அப்போதும் ஒரு மனிதர்தான் செய்தாக வேண்டும்.

கட்டுப்பாடு என்று வரும்போது அதிகாரமும் வருகிறது. வட்டமேசைக் கூட்டங்களுக்கான மைக் அமைப்புகளில் தலைவரின் கருவிக்கு மட்டும் கூடுதலாக ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் மற்ற எல்லா மைக்குகளும் அடங்கிவிடும். ஒருவரை "உட்காருங்கள்" என்று சொல்வதற்கும், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குரலை இல்லாமல் ஆக்குவதற்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. முன்னதை எல்லோரும் பார்க்கிறார்கள், பதிவிலும் அது இருக்கும். பின்னதில் பதிவைக் கேட்பவருக்கு அப்படி ஒருவர் பேசியதே தெரியாது. 2024இல் மக்களவையில் எதிர்க்கட்சியினரின் மைக் அணைக்கப்படுவதாகக் குற்றச்சாட்டு எழுந்தபோது, அதற்கான பொத்தான் எதுவும் தன்னிடம் இல்லை என்று அவைத்தலைவர் மறுத்தார். உண்மை எப்படியிருப்பினும், மதகு யார் கையில் இருக்கிறது என்பது அவையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது. இலக்கியக் கூட்டங்களில் பொத்தான் இல்லை. ஒருங்கிணைப்பாளர் மைக் செட்காரரை நோக்கி ஒரு பார்வை பார்க்கிறார், அவ்வளவுதான். அந்தப் பார்வையால் அணைந்த மைக்குகளை நான் பார்த்திருக்கிறேன். நேரம் கருதி ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் மைக்கிலேயே, பதிவாகும்படி, நிறுத்தச் சொல்லலாம்.

2020க்குப் பின் இன்னொரு தடமும் வந்து சேர்ந்திருக்கிறது. அறையில் ஐம்பது பேர், ஜூமில் டொராண்டோவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இருபது பேர். அறையின் மொத்தக் கலவையையும் கணினிக்கு அனுப்பினால், வெளிநாட்டு நண்பர் பேசும்போது அவருடைய குரலே சிறிது தாமதித்து அவர் காதில் திரும்ப விழும். தன் எதிரொலியைக் கேட்டுக்கொண்டே எவராலும் கோர்வையாகப் பேச முடியாது. இரண்டு வாக்கியத்தில் திணறி, "நீங்கள் பேசுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒதுங்கிவிடுவார். அவருக்கு அனுப்ப வேண்டியது அவர் குரல் நீங்கலாக மற்ற எல்லாம் சேர்ந்த கலவை. பிறகு நாம் மேலே பார்த்த அதே ஆக்ஸ் கிளைகளில் இன்னொன்றை எடுத்து, அதில் கணினியின் தடத்தை மட்டும் பூஜ்யத்தில் வைத்தால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாததால் ஈழத்து, புலம்பெயர்ந்த எழுத்தாளர்கள் எத்தனை பேர் நம் கூட்டங்களில் வெறும் சதுரங்களாகக் கைகூப்பிவிட்டு மறைந்திருக்கிறார்கள்.

எனவே கூட்டம் நடத்தும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த நிகழ்ச்சிக்குப் பொன்னாடைகள் வாங்கும் தொகையில் ஒரு நல்ல காதணி ஒலிபெருக்கி வாங்குங்கள். உங்களில் ஒருவர், இலக்கியம் வாசிப்பவராகவும் அன்று பேசப்போகும் நூலை வாசித்தவராகவும் இருப்பது நல்லது, அதை மாட்டிக்கொண்டு மைக் செட்காரரின் அருகில் உட்காரட்டும். பதிவுக்குப் போகும் தடத்தை மட்டும் அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும். கூட்டத்துக்கு அரைமணி முன்பு ஒவ்வொரு பேச்சாளரையும் அவரவர் மைக்கில் தங்கள் கட்டுரையின் முதல் பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். "ஹலோ, ஹலோ" வேண்டாம். பேசாத மைக்கை மூடுவது, அடுத்துப் பேசுபவருடையதை அவர் எழும்போதே திறப்பது, கேள்வி மைக் பதிவில் விழுகிறதா என்று பார்ப்பது, விழவில்லையென்றால் கைகாட்டி நிறுத்தி மறுபடி கேட்கச் சொல்வது. நிறுத்தினால் ரசனை கெடும் என்று யாராவது முகம் சுளிப்பார்கள். கேள்வி கேட்டவர் நிச்சயம் சுளிக்க மாட்டார்.